இறக்கையில் படிந்த உறைபனி: ஒரு துடைப்பத்தின் வரலாறு

குளிர் நாடுகளின் பெரிய விமான நிலையங்களில் பனிக்காலக் காலைகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். உயரமான கையோடு கூடிய லாரிகள் விமானத்தைச் சுற்றி வந்து, ஆரஞ்சு நிறத்திலும் பச்சை நிறத்திலும் ஒரு திரவத்தைச் சூடாக இறக்கைகள் மேல் பீய்ச்சி அடிக்கும். ஆவி பறக்கும். பயணிகள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்து விமானம் கிளம்பிவிடும்.

அதே நேரத்தில், அதே நாட்டின் வடகோடியில், ஓடுபாதையும் ஒரு சின்னக் கட்டடமும் மட்டுமே உள்ள ஊரில், ஒன்பது பேர் உட்காரக்கூடிய ஒரு குட்டி விமானம் நின்றுகொண்டிருக்கும். அதன் இறக்கையிலும் பனி படிந்திருக்கும். அங்கே லாரி கிடையாது. இருப்பது ஒரு விமானி, ஒரு துடைப்பம், இருந்தால் ஓர் ஏணி. அவ்வளவுதான்!

விமானத் துறையில் இதைவிட எளிமையான வேலை வேறொன்று இருக்க முடியாது. இறக்கையைத் துடைக்க வேண்டும். இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. படிந்த பனி ஆபத்தானது என்பது 1930களிலேயே தெரிந்துவிட்டது. 1950க்குள் சட்டமும் வந்துவிட்டது. இருந்தும் 2017 வரை இதே காரணத்துக்காக விமானங்கள் விழுந்திருக்கின்றன. தெரிந்த ஓர் ஆபத்து ஏன் இத்தனை காலம் உயிர்களை எடுத்துக்கொண்டே இருந்தது? இந்தக் கட்டுரை தேடும் விடை அதுதான்.

உப்புத்தாள் அளவு உறைபனி

முதலில் கொஞ்சம் அறிவியல். பலரும் நினைப்பது, பனியின் எடைதான் பிரச்சினை என்று. எடையும் ஒரு பிரச்சினைதான், ஆனால் முதல் பிரச்சினை அதுவல்ல. சொரசொரப்புதான் முதல் எதிரி.

இறக்கையின் மேற்பரப்பில் காற்று வழுக்கிக்கொண்டு ஓடுவதால்தான் விமானத்தைத் தூக்கும் விசை கிடைக்கிறது. விமானம் மூக்கைத் தூக்கத் தூக்க, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அதிகமாகும்; தூக்குவிசையும் கூடும். ஆனால் ஓர் எல்லை வரைதான். அந்த எல்லையைத் தாண்டினால் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்கும், தூக்குவிசை சட்டென்று சரியும். இதைத்தான் விமானிகள் 'ஸ்டால்' என்கிறார்கள். எஞ்சின் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நிற்பது இறக்கையின் வேலை.

மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் காற்று சீக்கிரமே பிரிந்துவிடும். இறக்கையின் முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் நடுத்தர அல்லது முரட்டு உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பு இருந்தாலே, தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவை 40 சதவீதம் வரை கூடலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தன் வழிகாட்டிகளில் பல ஆண்டுகளாக எழுதி வருகிறது. உப்புத்தாள்! தச்சர் கையில் வைத்துத் தேய்க்கும் அதே தாளின் சொரசொரப்பு.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் இருக்கிறது. ஸ்டால் வரப்போகிறது என்று எச்சரிக்கும் கருவி, சுத்தமான இறக்கையை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. உறைபனி உள்ள இறக்கை அந்த எச்சரிக்கை ஒலிக்கும் முன்பே கைவிட்டுவிடலாம். அதோடு, தரைக்கு மிக அருகில் பறக்கும்போது எந்த இறக்கைக்கும் கொஞ்சம் கூடுதல் சலுகை கிடைக்கும். தரையே காற்றின் ஓட்டத்தை மாற்றி உதவி செய்யும். அதனால் பனி படிந்த விமானமும் ஓடுபாதையிலிருந்து எழும்பிவிடும். சில மீட்டர் உயரம் போனதும் அந்தச் சலுகை மறையும். இரண்டு இறக்கைகளிலும் பனி ஒரே அளவில் இருக்காது என்பதால், ஒரு பக்கம் முதலில் சாயும். அந்த உயரத்தில் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.

பனி பெய்தால்தான் இது நடக்கும் என்றும் இல்லை. மேகமே இல்லாத தெளிவான இரவில் இறக்கை தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் நேராக அதன் மேல் உறைபனியாகப் படியும். காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி மேலே இருந்தால்கூட இது நடக்கும். ஆக, அழகான, வெயில் அடிக்கப்போகும் காலைதான் சிறு விமானத்துக்குச் சந்தேகப்பட வேண்டிய காலை!

கேன்வாஸ், அடுப்பு, துடைப்பம்

வடக்கு நாடுகளில் விமானம் வந்த கதையே பனியோடு தொடங்குகிறது. 1924 பிப்ரவரியில் கார்ல் பென் ஐல்சன் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து மக்ராத் ஊருக்குத் தபால் எடுத்துக்கொண்டு பறந்தார். நாய்வண்டிகளுக்கு வாரக்கணக்கில் ஆகும் தூரத்தை அவர் சில மணி நேரத்தில் கடந்தார். கனடாவில் 1926 இறுதியில் வினிபெக் நகரத் தொழிலதிபர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன், 'டாக்' ஓக்ஸ் என்ற விமானியோடு சேர்ந்து வெஸ்டர்ன் கனடா ஏர்வேஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மறு வருடமே அந்த நிறுவனத்தின் ஃபாக்கர் விமானங்கள், ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சர்ச்சில் துறைமுகத்துக்கு ஆட்களையும் துளையிடும் கருவிகளையும் டன் கணக்கில் சுமந்து சென்றன.

இந்த விமானிகளைப் 'புஷ் பைலட்' என்பார்கள். சாலை இல்லாத காட்டுப் பகுதிகளில், உறைந்த ஏரிகளில் சக்கரத்துக்குப் பதில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு இறங்கியவர்கள். அவர்களோடு கூடவே ஒரு மெக்கானிக் பறப்பார். பறப்பதைவிடக் கஷ்டம், மறுநாள் காலை மறுபடியும் கிளம்புவதுதான்.

மாலையில் இறங்கியதும் எஞ்சின் எண்ணெயை, அது சூடாக இருக்கும்போதே, தகரத்தில் வடித்து எடுத்துக் குடிசைக்குள் கொண்டு போவார்கள். சறுக்குக் கட்டைகள் பனியோடு ஒட்டி உறைந்துவிடாமல் இருக்க அவற்றின் அடியில் மரக்கொம்புகளைச் செருகி வைப்பார்கள். எஞ்சினுக்கும் இறக்கைகளுக்கும் துணிப் போர்வை போடுவார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து, எஞ்சினை மூடிய கேன்வாஸ் கூடாரத்துக்குள் ஒரு அடுப்பை ஏற்றி வைத்துவிட்டு, தீப்பிடித்துவிடாமல் பக்கத்திலேயே காவல் இருப்பார் மெக்கானிக். எண்ணெயைத் தனியாக அடுப்பில் சுடவைத்து ஊற்றுவார்கள். இவ்வளவும் முடிந்த பிறகு இறக்கையைத் துடைப்பத்தால் பெருக்கி, கயிற்றை இறக்கையின் குறுக்கே போட்டு ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து ரம்பம் இழுப்பது போல் இழுத்து உறைபனியைத் தேய்த்து எடுப்பார்கள்.

இன்றும் சிறு விமானிகள் பயன்படுத்தும் முறைகளில் பாதி அன்றே பிறந்துவிட்டவை. போர்வை, துடைப்பம், கயிறு. நூறு வருடமாகப் பெரிய மாற்றம் இல்லை.

அதே காலத்தில் ஆராய்ச்சிக் கூடங்களும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் லாங்லி ஆய்வகத்தில் ஈஸ்ட்மன் ஜேக்கப்ஸ், இறக்கை மாதிரிகளின் மேல் சின்னச் சின்ன மேடுகளை ஒட்டிக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, 1930களின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டார். மேற்பரப்பில் முன்விளிம்புக்கு அருகில் உள்ள சிறு மேடுகூட இறக்கையின் திறனை மோசமாகக் குறைக்கிறது என்பது அதில் தெளிவானது. இன்னொரு பக்கம் வில்லியம் கியர் என்ற ரப்பர் வேதியியலாளர், இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டி, காற்றடைத்து உப்பவைத்து, பறக்கும்போது ஒட்டும் பனிக்கட்டியை உடைத்து எறியும் ரப்பர் உறையை உருவாக்கினார். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அது வானத்தில் பிடிக்கும் பனிக்கானது. தரையில் நின்ற இரவில் இறக்கை முழுவதும் படிந்த உறைபனியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மறுபடியும் துடைப்பம்தான்.

விதியும் அதன் ஓட்டையும்

1950 வாக்கில் அமெரிக்காவில் விதி வந்தது: இறக்கையிலோ, புரொப்பெல்லரிலோ, கட்டுப்பாட்டுப் பரப்புகளிலோ உறைபனி, பனி, பனிக்கட்டி ஒட்டியிருந்தால் கிளம்பக் கூடாது. இதைத்தான் பின்னாளில் 'சுத்தமான விமானம்' என்ற கொள்கையாகச் சொன்னார்கள். எவ்வளவு பனி இருந்தால் பரவாயில்லை என்று அளந்து பார்க்கும் வேலையே வேண்டாம், இருக்கவே கூடாது என்பதுதான் அதன் சாரம்.

ஆனால் சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில் ஒரு ஓட்டை இருந்தது. இறக்கையில் உள்ள உறைபனியைத் தேய்த்து வழவழப்பாக ஆக்கிவிட்டால் போதும், முழுவதும் எடுக்க வேண்டியதில்லை! 'மெருகேற்றிய உறைபனி' என்று இதற்குப் பெயர். கயிற்றால் தேய்த்த அந்தப் பழைய பழக்கம் சட்டத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிட்டது என்று சொல்லலாம்.

எவ்வளவு தேய்த்தால் வழவழப்பு? அதை எப்படி அளப்பது? இருட்டில் கையுறையோடு தடவிப் பார்த்து யார் சொல்வது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமலே பல பத்தாண்டுகள் ஓடின. 2009 டிசம்பரில்தான் அந்தச் சலுகையை நீக்கும் இறுதி விதி வெளியானது. 2010 ஜனவரி 30 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

கரைந்து போகும் சாட்சி

இத்தனை தாமதத்துக்கு ஒரு காரணம், உறைபனி ஒரு விசித்திரமான குற்றவாளி என்பது. விபத்து நடந்த இடத்தில் தீ எரிந்தால் உருகிவிடும். புதிதாகப் பனி பெய்தால் பழைய பனியோடு கலந்துவிடும். உடைந்த போல்ட்டை எடுத்துக் காட்டுவது போல் இதை எடுத்துக் காட்ட முடியாது.

1958 பிப்ரவரி 6 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியை ஏற்றிய விமானம் கிளம்ப முடியாமல் நொறுங்கி 23 பேர் இறந்தார்கள். விமானி இறக்கையிலிருந்த பனியை நீக்காததுதான் காரணம் என்றது ஜெர்மன் விசாரணை. உண்மையில் ஓடுபாதையில் கிடந்த சேறு போன்ற பனிக்கூழ்தான் விமானத்தின் வேகத்தை இழுத்துப் பிடித்தது என்று பிரிட்டிஷ் விசாரணை 1969இல் விமானி ஜேம்ஸ் தெய்னை விடுவித்தது. பதினொரு வருடம் ஒரு மனிதர் செய்யாத தவறைச் சுமந்தார். 1975இல் இறந்து போனார்.

1985 டிசம்பர் 12 அன்று கனடாவின் கேண்டர் நகரில், விடுமுறைக்கு வீடு திரும்பிய அமெரிக்க வீரர்களை ஏற்றிய டிசி-8 விமானம் விழுந்து 256 பேரும் இறந்தார்கள். விசாரணை வாரியத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள் இறக்கையில் இருந்த பனியைக் காரணமாகக் காட்டினார்கள். நால்வர் அதை ஏற்காமல் தனி அறிக்கை எழுதினார்கள். அந்த வாரியமே பிறகு கலைக்கப்பட்டு, 1990இல் புதிய அமைப்பு உருவானது.

பனி இல்லாத இடத்தில் பனியைக் குற்றம் சொல்லலாம், இருந்த இடத்தில் நிரூபிக்க முடியாமல் போகலாம். ஆதாரம் கரைந்துவிடும்போது பாடமும் கரைந்துவிடுகிறது.

டிரைடன்: காத்திருந்த ஒரு செஸ்னா

பெரிய விமானங்களின் விஷயத்தில் உலகத்தை உலுக்கிய முதல் நிகழ்ச்சி 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் நடந்தது. ஏர் ஃப்ளோரிடாவின் போயிங் 737 பனி கொட்டும் மதியத்தில் திரவம் தெளிக்கப்பட்டு, அதன் பிறகு 49 நிமிடம் கழித்துக் கிளம்பியது. அதற்குள் மறுபடி பனி படிந்துவிட்டது. எஞ்சினின் உணரி உறைந்து போனதால், எஞ்சின் சக்தி போதுமான அளவு இருப்பதாகக் கருவி பொய் சொன்னது. விமானம் பாலத்தில் மோதி உறைந்த பொடோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் வாகனங்களில் இருந்த 4 பேரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள்.

ஆனால் விதிகளையும் பழக்கங்களையும் அடியோடு அலசிப் பார்த்தது, ஏழு வருடம் கழித்துக் கனடாவின் ஒரு சிறு ஊரில் நடந்த விபத்து.

1989 மார்ச் 10. ஒன்டாரியோ மாநிலத்தின் டிரைடன் ஊர். ஏர் ஒன்டாரியோவின் ஃபாக்கர் எஃப்-28 ஜெட் விமானம் 69 பேரோடு வினிபெக் போக வேண்டும். பனி பெய்யத் தொடங்கியிருந்தது. விமானத்தில் எஞ்சினை இயக்கத் தேவையான துணை எஞ்சின் பழுது. டிரைடனில் வெளியிலிருந்து எஞ்சினைத் தொடங்கி வைக்கும் கருவியும் இல்லை. இரண்டு எஞ்சினையும் நிறுத்திவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் ஒரு எஞ்சினை ஓடவிட்டபடியே எரிபொருள் நிரப்பினார்கள். எஞ்சின் ஓடும்போது பனிநீக்கத் திரவம் தெளிக்கக் கூடாது என்பது அந்த விமானத்துக்கான அறிவுறுத்தல். முடிச்சு விழுந்துவிட்டது!

இதற்கு நடுவில் பனியில் வழி தெரியாமல் தவித்த ஒரு சிறு செஸ்னா 150 விமானம் இறங்க அனுமதி கேட்டது. அது இறங்கும் வரை எஃப்-28 தரையில் காத்திருந்தது. அந்த நிமிடங்களிலும் ஈரப்பனி இறக்கையில் விழுந்துகொண்டே இருந்தது. சிறு விமானம் பத்திரமாக இறங்கியது. பெரிய விமானம் கிளம்பி, ஓடுபாதையைத் தாண்டி ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுக்குள் விழுந்தது. 24 பேர் இறந்தார்கள்.

பயணிகளில் வேலையில் இல்லாத விமானிகள் இருவர் இருந்தார்கள். இறக்கையில் பனி இருந்ததை அவர்களும் பார்த்தார்கள். பணிப்பெண்ணும் பார்த்தார். ஆனால் யாரும் விமானி அறைக்குச் சொல்லவில்லை. 'அவருக்குத் தெரியாமலா இருக்கும்' என்ற எண்ணம். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடக் கூடாது என்ற தயக்கம். கேட்டால் மதிப்பார்களா என்ற சந்தேகம்.

நீதிபதி வர்ஜில் மோஷான்ஸ்கி தலைமையில் நடந்த விசாரணை, 'விமானியின் தவறு' என்ற இரண்டு வார்த்தையோடு கோப்பை மூடவில்லை. பழுதான துணை எஞ்சினோடு விமானத்தை அனுப்பியது யார்? கருவி இல்லாத ஊரில் இறக்கியது யார்? பணிப்பெண்கள் வாய் திறக்கத் தயங்கியது ஏன்? நிறுவனத்தை மேற்பார்வை பார்க்க வேண்டிய அரசுத் துறை என்ன செய்தது? 1992இல் வந்த இறுதி அறிக்கையில் மொத்தம் 191 பரிந்துரைகள் இருந்தன. விபத்தை ஒரு தனி மனிதரின் பிழையாகப் பார்க்காமல் ஒரு முழு அமைப்பின் பிழையாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்த அறிக்கை அது என்று இன்றும் குறிப்பிடப்படுகிறது.

அதே 1992 மார்ச் 22 அன்று நியூயார்க்கின் லகார்டியா நிலையத்தில் இன்னொரு எஃப்-28 விழுந்து 27 பேர் இறந்தார்கள். திரவம் தெளித்துச் சுமார் 35 நிமிடம் ஆகியிருந்தது. அந்த வருடக் குளிர்காலத்துக்குள்ளேயே அமெரிக்காவில் விமான நிறுவனங்களுக்குப் புதிய விதி வந்தது. எந்தப் பனியில் எந்தத் திரவம் எத்தனை நிமிடம் காக்கும் என்ற அட்டவணைகள் விமானிகளின் கைக்கு வந்தன.

பெரியவர்களுக்கு மட்டும் கிடைத்த மருந்து

இங்கேதான் சிறு விமானங்களின் கதை பிரிகிறது. பனிநீக்கத் திரவங்கள் கிளைகால் கலந்தவை. நான்கு வகை உண்டு. முதல் வகை நீர் போல மெல்லியது, ஆரஞ்சு நிறம், சூடாகத் தெளித்துப் பனியைக் கரைக்க. கரைத்த பிறகு அது அதிக நேரம் காக்காது. 1990களில் வந்த நான்காம் வகை பச்சை நிறம், கெட்டியானது. இறக்கை மேல் படலமாக நின்று, விழும் பனியைத் தன்னுள் வாங்கிக்கொண்டு நீண்ட நேரம் காக்கும்.

அந்தக் கெட்டிப் படலம் விமானம் எழும்பும் முன் காற்றில் வழிந்து போய்விட வேண்டும். இல்லாவிட்டால் அதுவே ஒரு சொரசொரப்பு. அது வழிந்து போக, சுமார் 100 நாட், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடி எழும்பும் விமானமாக இருக்க வேண்டும். சிறு செஸ்னாக்கள் அதைவிட மிகக் குறைந்த வேகத்திலேயே எழும்பிவிடும். அதனால் மிகச் சிறந்த மருந்து அவற்றுக்குப் பொருந்தாது! மெதுவான விமானங்களுக்காக மஞ்சள் நிற மூன்றாம் வகை இருக்கிறது. ஆனால் எல்லா ஊரிலும் யார் வாங்கி வைப்பார்கள்?

இன்னொரு சின்ன விஷயம், கேட்டால் சிரிப்பு வரும். செஸ்னா கேரவன் போன்ற விமானங்களின் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். தரையில் நிற்கும் விமானிக்கு இறக்கையின் அடிப்பக்கம் நன்றாகத் தெரியும். ஆனால் ஆபத்து இருப்பது மேல்பக்கத்தில். ஏணி இல்லாமல் அது தெரியாது. தெளிவான பனிக்கட்டியாக இருந்தால் ஏணியில் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

2004 ஜனவரி 17 அன்று எரி ஏரியிலுள்ள பெலி தீவிலிருந்து ஒரு கேரவன் விமானம் வேட்டைக்கு வந்திருந்தவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, சிறிது தூரத்திலேயே உறைந்த ஏரியில் விழுந்தது. 9 பயணிகளும் விமானியும் இறந்தார்கள். விமானத்தில் பனிக்கட்டி இருந்தது. அனுமதித்ததைவிடக் குறைந்தது 15 சதவீதம் கூடுதல் எடையும் இருந்தது என்றது கனடா போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். பயணிகளின் எடையை எடை போட்டுப் பார்க்காமல் பழைய சராசரிக் கணக்கை வைத்துக்கொள்ளும் வழக்கமும் அப்போது கேள்விக்கு உள்ளானது.

2005இல் அமெரிக்க நிர்வாகம் கேரவன் விமானங்களுக்கு ஒரு கட்டாய உத்தரவு போட்டது. வெளியே வெப்பநிலை 10 டிகிரிக்குக் குறைவாக இருந்து, ஈரமோ உறைபனிக்கான சூழ்நிலையோ இருந்தால், இறக்கையின் முன்விளிம்பையும் மேற்பரப்பையும் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, கையால் தொட்டும் பார்க்க வேண்டும். எழுபது வருட ஆராய்ச்சிக்குப் பிறகு கிடைத்த மிக நம்பகமான கருவி மனிதக் கைதான்!

ஃபான்டுலாக்: உள்ளே இருந்த ஏணிகள்

2017 டிசம்பர் 13 மாலை. கனடாவின் சஸ்காச்சுவான் மாநில வடகோடியில் ஃபான்டுலாக் என்ற பழங்குடியினர் ஊர். வெஸ்ட் விண்ட் நிறுவனத்தின் ஏடிஆர்-42 விமானம் 25 பேரோடு கிளம்பியது. அங்கே இறங்கும்போதே மேகத்தில் பனி பிடித்திருந்தது. கிளம்பிய உடனே இடப்பக்கம் சாய்ந்து மரங்களுக்குள் விழுந்தது. பலர் படுகாயம் அடைந்தார்கள். ஒருவர் சில நாட்கள் கழித்து இறந்தார்.

விசாரணையில் தெரிந்தது இது. துணை விமானி மங்கிய வெளிச்சத்தில் தரையிலிருந்தே பார்த்தார். பனியின் முழு அளவு தெரியவில்லை. பனி இருப்பது தெரிந்தும் நீக்காமலே கிளம்பினார்கள். நிலையக் கட்டடத்துக்குள் இரண்டு ஏணிகளும், கையால் தெளிக்கும் ஒரு குப்பியும், சூடாக்க மின்போர்வையும், கொஞ்சம் திரவமும் இருந்தன. அவ்வளவு பெரிய விமானத்துக்கு அவை போதாதவை, அவையும் எடுக்கப்படவில்லை. பனியோடு கிளம்புவது வடபகுதியில் எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பதை வாரியம் விமானிகளிடமே கேட்டு ஆய்வு செய்தது. இது ஒரு விமானியின் கதை அல்ல, ஒரு பகுதியின் பழக்கம் என்பது அதில் வெளிப்பட்டது. தொலைதூர நிலையங்களில் போதிய பனிநீக்கக் கருவிகள் வேண்டும் என்று 2018இல், அறிக்கை முடியும் முன்பே, அவசரமாகப் பரிந்துரைத்தது.

டிரைடன் நடந்தது 1989இல். ஃபான்டுலாக் 2017இல். இடையில் 28 வருடம், 191 பரிந்துரைகள்!

ஏன்?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். தெரிந்த ஆபத்து ஏன் தொடர்ந்தது?

முதல் காரணம், அது எப்போதும் தண்டிப்பதில்லை. கொஞ்சம் உறைபனியோடு கிளம்பிய விமானங்களில் பெரும்பாலானவை பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் 'இவ்வளவு பனி பரவாயில்லை' என்ற தவறான அனுபவம் சேர்கிறது. பல வருட அனுபவம் இங்கே பாதுகாப்பு அல்ல, சில நேரம் அதுவே பொறி.

இரண்டாவது, அவசரம். வெளிச்சம் குறைந்த குளிர்காலப் பகலில் சிறு விமானிக்கு நேரம் என்பது பணம். பயணிகள் காத்திருக்கிறார்கள், அடுத்த ஊரில் நோயாளி காத்திருக்கலாம். யாரும் பார்க்காத இருட்டில் அரை மணி நேரம் துடைப்பது யாருடைய கணக்கிலும் வராத வேலை.

மூன்றாவது, இதுதான் முக்கியம்: விதி எழுதுவது சுலபம், ஏணி வாங்கி வைப்பது கஷ்டம். 'பனியோடு கிளம்பாதே' என்று தலைநகரிலிருந்து சொல்லிவிடலாம். 300 பேர் வாழும் ஊரின் ஓடுபாதையோரம் ஒரு கொட்டகை, ஒரு ஏணி, ஒரு சூடேற்றும் கருவி, சில பீப்பாய்த் திரவம், அதைத் தெளிக்கத் தெரிந்த ஒரு ஆள் என்று வைக்கப் பணம் வேண்டும். அது இல்லாத இடத்தில் விதி விமானியிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: போகாதே. அந்த வார்த்தையைச் சொல்லும் முழுச் சுமையும் ஒரு தனி மனிதர் தோளில் விழுகிறது.

இன்று கவனமான சிறு விமானிகள் செய்வது இதுதான். முடிந்தால் முந்தைய இரவே கொட்டகையில் நிறுத்துகிறார்கள். இல்லையென்றால் இறக்கைக்குப் போர்வை. உலர்ந்த பனியை மென்மையான துடைப்பத்தால் பெருக்குகிறார்கள். ஒட்டிய உறைபனிக்குச் சூடாக்கிய முதல் வகைத் திரவத்தைத் தோட்டத்துத் தெளிப்பான் மாதிரியான பம்பால் அடிக்கிறார்கள். வெந்நீர் ஊற்றுவதில்லை; அது கட்டுப்பாட்டுப் பலகைகளின் இடுக்கில் வழிந்து மறுபடி உறைந்து அவற்றைப் பூட்டிவிடும். வாலையும், வேகத்தை அளக்கும் குழாயையும், எரிபொருள் தொட்டியின் காற்றுத் துளையையும் மறப்பதில்லை. வெயில் வந்தால் இறக்கையைச் சூரியன் பக்கம் திருப்பி வைத்துக் காத்திருக்கிறார்கள். கடைசியாக ஏணியில் ஏறி, கையுறையைக் கழற்றி, முன்விளிம்பு முழுவதும் விரலை ஓட்டிப் பார்க்கிறார்கள்.

விரலில் சொரசொரப்புத் தட்டினால் இறங்கி மறுபடியும் துடைப்பத்தை எடுக்கிறார்கள். பயணிகள் முணுமுணுக்கலாம். முணுமுணுக்க அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுதான் அந்தத் துடைப்பம் செய்த வேலை.